ரத்தம் இல்லாமல் ரத்த ஓட்டம் பார்க்க

தமனியில் ஓட்டத்தை ஆராய நிஜ ரத்தம் தேவையில்லை. எடையில் 40 பங்கு கிளிசரின், 60 பங்கு காய்ச்சி வடித்த நீர் போதும். 20 டிகிரி செல்சியஸில் இதன் பாகுத்தன்மை (ஓட்டத்துக்குத் திரவம் காட்டும் எதிர்ப்பு) சுமார் 3.7 மில்லிபாஸ்கல்-வினாடி, பெரிய தமனிகளில் ரத்தமும் ஏறக்குறைய அப்படித்தான்.

தராசில் நிறுத்து ஊற்றுங்கள். மெதுவாகக் கிளறுங்கள். அவசரப்பட்டு அடித்துக் கலக்கினால் நுண்குமிழிகள் சிக்கிக்கொள்ளும். ஒருமுறை அந்தக் குமிழியைச் சுழல் என்று நம்பி ஒரு வாரம் கணக்குப் போட்டேன்! கலவையை ஓர் இரவு மூடி வையுங்கள்.

அப்புறம் வெப்பநிலை. 30 டிகிரிக்குப் போனால் பாகுத்தன்மை 2.7க்கு இறங்கிவிடும். அதனால் கலவையைக் குழாயில் செலுத்தும் பம்ப் ஓடும்போதே தொட்டியில் வெப்பமானி இருக்கட்டும்.

6 மில்லிமீட்டர் சிலிகோன் குழாய், வினாடிக்கு 0.3 மீட்டர் வேகம் என்றால் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா, கொந்தளிப்பானதா என்று காட்டும் எண்) 500ஐ ஒட்டி வரும். சீரான ஓட்டம்தான். குழாயை ஓரிடத்தில் பாதியாக நெருக்கி, சாயத்தை ஊசியால் மெல்ல விடுங்கள். நெருக்கலைத் தாண்டியதும், சுவரோரம் சாயம் பின்னோக்கித் திரும்பும். அங்கே கேமராவை வையுங்கள்.

மிக நுண்ணிய ரத்தக் குழாய்களுக்கு மட்டும் இந்தக் கலவை உதவாது. அங்கே சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக நெளிந்து நுழைகின்றன; கிளிசரினில் சிவப்பணு ஏது?