ஸ்பானிஷில் 'வா', 'சொல்', 'செய்': ஒழுங்கற்ற வினைகளுக்கு ஏவல் அமைப்பது எப்படி?

ஏவல் வினை என்றதும் பாடப் புத்தகம் பெரிய அட்டவணை ஒன்றைக் காட்டும். அதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மனப்பாடம் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் நிகழ்காலத்திலிருந்தே கிடைத்துவிடும்.

படி 1: யாரிடம் பேசுகிறீர்கள்?

நெருக்கமானவர் என்றால் 'து' (நீ), மரியாதை வேண்டுமென்றால் 'உஸ்தெத்' (நீங்கள்). வா, வாருங்கள் வேறுபாடு நமக்குப் பழகியதுதான்.

படி 2: 'நீ' வடிவம்

பொது விதி: 'அவன் செய்கிறான்' என்பதற்கான நிகழ்கால வடிவமே ஏவலும் ஆகும். 'துவெர்மே' என்றால் தூங்குகிறான். தூங்கு என்பதற்கும் அதுவே. 'தார்' (கொடுத்தல்) வினையில் இது 'தா' என்றே வரும், கிட்டத்தட்ட நம் தா!

இந்த விதிக்கு அடங்காத முக்கிய வினைகள் எட்டு:

தெஸிர் – தி (சொல்)
அஸேர் – ஆஸ் (செய்)
ஈர் – பே (போ)
போனேர் – போன் (வை)
ஸலிர் – ஸல் (வெளியே போ)
ஸேர் – ஸே (இரு)
தெனேர் – தென் (வைத்துக்கொள், இந்தா)
பெனிர் – பென் (வா)

பே, பென் இரண்டிலும் 'பயம்' என்பதில் வரும் ப. போன் மட்டும் 'பழம்' ப. எழுதும்போது 'ஸே'க்கு மேல் சாய்கோடு போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அது வேறு சொல். 'பே' என்பது 'பார்' என்றும் பொருள்படும், குழப்பம் வேண்டாம், வாக்கியமே காட்டிக்கொடுக்கும்.

படி 3: 'நீங்கள்' வடிவம்

இங்கே 'நான்' வடிவத்தைப் பிடியுங்கள். தீகோ (சொல்கிறேன்) என்பதில் கடைசி ஓவை எடுத்துவிட்டு ஆ சேருங்கள்: தீகா (சொல்லுங்கள்). அப்படியே ஆகோ – ஆகா, தெங்கோ – தெங்கா, பெங்கோ – பெங்கா, போங்கோ – போங்கா. போங்கா என்றால் 'வையுங்கள்'. யாரும் உங்களைப் போகச் சொல்லவில்லை! போகச் சொல்ல 'பாயா'.

(முடிவு 'ஆர்' என்று இருக்கும் வினைகளுக்கு ஆவுக்குப் பதில் ஏ.)

'நான்' வடிவம் ஓவில் முடியாத வினைகளுக்கு மட்டும் இந்த வழி உதவாது. அவை: ஸேயா (இருங்கள்), பாயா (போங்கள்), தே (கொடுங்கள்), எஸ்தே (இருங்கள்), ஸேப்பா (அறிந்துகொள்ளுங்கள்). பலரிடம் பேசினால் இறுதியில் 'ன்' சேர்த்தால் போதும்: தீகான், பாயான்.

படி 4: 'என்னிடம்', 'அதை' சேர்ப்பது

இவை வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும். தி + மே = தீமே (என்னிடம் சொல்). ஆஸ் + லோ = ஆஸ்லோ (அதைச் செய்). தா + மே + லோ = தாமெலோ (அதை எனக்குத் தா). தாமெலோ, போங்காலோ போல நீண்டுவிட்டால் அழுத்தம் பழைய அசையிலேயே நிற்கும். அதற்காக அங்கே சாய்கோடு வரும்.

சரி, எட்டில் ஒன்றை உள்ளடக்கிய கூட்டு வினைகள் பெரும்பாலும் அதே வழியில் போகும்: மன்தெனேர் – மன்தென், ப்ரொபோனேர் – ப்ரொபோன். 'தெஸிர்' குடும்பத்தில் மட்டும் கவனம்: ப்ரெதெஸிர் (முன்கூட்டிச் சொல்லுதல்) வினையின் ஏவல் 'ப்ரெதீஸே'.