வேலைநிறுத்தத்தால் விமானம் ரத்தானால் ஐரோப்பாவில் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்

வேலைநிறுத்தம் என்ற சொல்லைக் கேட்டவுடனேயே, விமான நிறுவனம் இனி எதுவும் தர வேண்டியதில்லை என்று பயணிகளில் பலர் தாங்களாகவே முடிவுகட்டிவிடுகிறார்கள். ஐரோப்பியச் சட்டப்படி அந்த முடிவு பெரும்பாலும் தவறானது. மாற்று விமானம் அல்லது கட்டணத்தைத் திரும்பப் பெறுதல், காத்திருக்கும் நேரத்தில் உணவும் தங்குமிடமும் ஆகிய இரண்டும் யார் வேலைநிறுத்தம் செய்தாலும் உங்களுக்கு உரியவை. இழப்பீட்டுத் தொகை மட்டுமே வேலைநிறுத்தம் செய்தவர் யார் என்பதைப் பொறுத்து மாறும். அந்த உரிமைகளையும் இழப்பீட்டையும் குழப்பிக்கொள்ளாமல் கீழுள்ள வரிசையில் செயல்பட்டால் வேலை எளிதாகும்.

முதற்படி: சட்டம் உங்கள் பயணத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்

2005 பிப்ரவரி 17 முதல் நடைமுறையில் இருக்கும் 261/2004 என்ற ஐரோப்பிய ஒழுங்குமுறைதான் இங்கே அடிப்படை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், ஐஸ்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து ஆகியவற்றிலிருந்து புறப்படும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதாக இருந்தாலும் இது பொருந்தும். வெளியிலிருந்து அங்கே வந்திறங்கும் விமானமானால், அதை ஐரோப்பிய நிறுவனம் இயக்கினால் மட்டுமே பொருந்தும். பயணச்சீட்டை விற்றது ஒரு நிறுவனமாகவும் விமானத்தை இயக்குவது இன்னொன்றாகவும் இருக்கும்போது, இயக்குகிற நிறுவனமே பொறுப்பு. பிரிட்டன் ஏறத்தாழ இதே விதிகளைத் தன் சட்டமாக வைத்திருக்கிறது. தொகை மட்டும் பவுண்டில்.

இரண்டாம் படி: மின்னஞ்சலில் உள்ள பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள்

ரத்து அறிவிப்பு வரும் மின்னஞ்சலில் பணத்தைத் திரும்பப் பெறும் பொத்தான் பளிச்சென்று பெரியதாகவும், மாற்றுப் பயணத்துக்கான இணைப்பு கீழே சிறிய எழுத்திலும் இருப்பது உண்டு. பணத்தைப் பெற ஒப்புக்கொண்டால், மாற்று விமானம் தரும் கடமையும் காத்திருக்கும் உங்களைக் கவனிக்கும் கடமையும் அத்துடன் முடிந்துவிடும். அதற்குள் மற்ற விமானங்களில் கட்டணம் ஏறியிருந்தால் அந்தச் சுமை உங்கள் தலையில்தான். ஆகவே, போயே தீர வேண்டிய பயணமானால், கூடிய விரைவில் சேருமிடத்துக்குக் கொண்டுசெல்லும்படி எழுத்தில் கேளுங்கள். தன் விமானத்தில் இடமில்லை என்பதோடு நிறுவனத்தின் கடமை தீர்ந்துவிடாது. வேறு நிறுவனத்தின் விமானத்தில் முன்னதாகவே அனுப்ப முடியுமானால் அதையும் பரிசீலிக்க வேண்டும். இடம் காலியாக உள்ள குறிப்பிட்ட விமானத்தின் எண்ணை நீங்களே தேடிச் சொல்லிக் கேட்டால், மறுப்பது அவர்களுக்குக் கடினமாகும். பயணமே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்குக் கட்டணம் ஏழு நாட்களுக்குள் பணமாக வந்துசேர வேண்டும். நீங்கள் கையொப்பமிட்டுச் சம்மதித்தாலன்றி வவுச்சரைத் திணிக்க முடியாது.

மூன்றாம் படி: காத்திருக்கும் நேரத்துச் செலவு

உணவு, குடிநீர், இரவு தங்க நேர்ந்தால் ஓட்டல், ஓட்டலுக்குச் சென்றுவர வண்டி ஆகியவை நிறுவனத்தின் பொறுப்பு. ஐஸ்லாந்து எரிமலை 2010-இல் விமானங்களை முடக்கிய விவகாரத்தில்கூட, இந்தக் கடமைக்குக் காலவரம்போ பணவரம்போ இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. எரிமலைக்கே விலக்கு இல்லாதபோது வேலைநிறுத்தத்துக்கு ஏது? கவுண்டரில் ஆளே இல்லையென்றால் நியாயமான அளவில் நீங்களே செலவு செய்து, ரசீதுகளை அன்றைக்கே படமெடுத்து வையுங்கள், ஏனெனில் கடைகளில் தரும் வெப்பத்தாள் ரசீதில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். மதுவும் சொகுசு அறையும் அந்தக் கணக்கில் சேராது.

நான்காம் படி: வேலைநிறுத்தம் செய்தவர் யார்?

இழப்பீடு கிடைக்குமா என்பதை இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட அசாதாரணச் சூழ்நிலை என்று நிரூபித்தால் இழப்பீட்டிலிருந்து அது தப்பிக்கலாம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களோ விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை ஊழியர்களோ வேலையை நிறுத்தினால், பொதுவாக அது அந்த வகையில் அடங்கும். நிறுவனத்தின் சொந்த விமானிகளும் சிப்பந்திகளும் நிறுத்தினால் அடங்காது.

இதைத் தெளிவாக்கியது எஸ்ஏஎஸ் என்ற ஸ்காண்டிநேவிய விமான நிறுவனத்தின் வழக்கு. அதன் விமானிகள் 2019 ஏப்ரல் இறுதியில் தொடங்கி ஏழு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மால்மோவிலிருந்து ஸ்டாக்ஹோம் செல்லவிருந்த ஒரு பயணியின் விமானம் ரத்தானது. முன்னறிவிப்புடன் தொழிற்சங்கங்கள் சட்டப்படி நடத்திய வேலைநிறுத்தம் தன் கையில் இல்லை என்று நிறுவனம் வாதிட்டது. ஊதியப் பேச்சுவார்த்தை எந்த நிறுவனத்துக்கும் இயல்பான அலுவல், அதில் முறிவு ஏற்படுவதும் எதிர்பார்க்கத்தக்கதே என்று கூறி 2021 மார்ச் 23 அன்று நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. அதற்கு முன்பே 2018-இல், சீரமைப்பு அறிவிப்பைக் கேட்டு டூயிஃப்ளை என்ற ஜெர்மன் விமான நிறுவனத்தின் ஊழியர்கள் கூட்டங்கூட்டமாக உடல்நலமில்லை என்று விடுப்பெடுத்த வழக்கிலும் இதே முடிவுதான். விதியைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஒழுங்குமுறையின் முகவுரையில் வேலைநிறுத்தமும் அசாதாரணச் சூழ்நிலைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நிறுவனங்களின் மறுப்புக் கடிதங்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வதுண்டு. பதிலில் இந்தத் தீர்ப்புகளைக் குறிப்பிடுங்கள்.

வெளியார் வேலைநிறுத்தமானாலும் கதவு முழுவதும் மூடிவிடவில்லை. தடங்கலின் விளைவைக் குறைக்க நியாயமான நடவடிக்கைகள் அனைத்தையும் எடுத்ததாக நிறுவனமே நிரூபிக்க வேண்டும். பார்சிலோனா விமான நிலையத்தில் 2006 ஜூலையில் நடந்த வேலைநிறுத்தத்துக்கு மறுநாள்களில், முந்தைய பயணிகளை ஏற்றிக்கொள்வதற்காகத் தன் இருக்கை பறிக்கப்பட்ட ஒருவர் ஃபின்ஏர் மீது தொடுத்த வழக்கில் பயணியே வென்றார்.

கனடாவில் நிலைமை நேர்மாறு: அங்கே நிறுவனத்தின் சொந்த ஊழியர் வேலைநிறுத்தமும் அதன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டதாகவே கொள்ளப்படுகிறது. ஆகவே எந்த நாட்டுச் சட்டம் என்பதை முதற்படியிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: தொகையைக் கணக்கிடுங்கள்

1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. அதற்கு மேல் ஒன்றியத்துக்குள்ளேயானால் 400. ஒன்றியத்துக்கு வெளியே சென்றால் 3,500 கிலோமீட்டர் வரை 400, அதைத் தாண்டினால் 600. ரத்தாகாமல் தாமதமாகப் பறந்த விமானத்துக்கும், சேருமிடத்தை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதித்து அடைந்தால் இழப்பீடு உண்டு. புறப்படும் நாளுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ரத்தைத் தெரிவித்திருந்தால் தொகை கிடையாது. பிறகு தெரிவித்திருந்தாலும், ஏறத்தாழ அதே நேரத்துக்கு மாற்று விமானம் தரப்பட்டால் கிடையாது. அறிவிப்பு வந்த தேதியைக் காட்டும் மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருக்க வேண்டியது இதனால்தான்.

ஆறாம் படி: கோரிக்கையை அனுப்புங்கள்

விமானத்தை இயக்கிய நிறுவனத்துக்கு, முன்பதிவு எண், விமான எண், தேதி, நேர்ந்தது என்ன, கோரும் தொகை, செலவு ரசீதுகள் ஆகியவற்றுடன் சுருக்கமாக எழுதுங்கள். இழப்பீட்டையும் செலவுத் தொகையையும் தனித்தனிப் பத்திகளில் கேளுங்கள். ஒன்றை மறுக்கும்போது மற்றதும் சேர்ந்து மறுக்கப்படுவதை இது தடுக்கும். ரத்துக்கான காரணத்தை எழுத்தில் தரும்படியும் கேளுங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தியளிக்காவிட்டாலோ, தடங்கல் நேர்ந்த நாட்டில் இந்த ஒழுங்குமுறையைச் செயல்படுத்தும் அமைப்பிடம் முறையிடலாம், அல்லது நீதிமன்றத்தை அணுகலாம். வழக்குத் தொடரும் காலவரம்பை அந்தந்த நாட்டுச் சட்டமே வகுக்கிறது. ஜெர்மனியில் மூன்று ஆண்டு, இங்கிலாந்தில் ஆறு ஆண்டு. இடைத்தரகு நிறுவனங்கள் வென்ற தொகையில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வதால், நிறுவனம் உறுதியாக மறுத்த பிறகு மட்டுமே அவற்றை நாடுவது புத்திசாலித்தனம்.