நிலம், நகரமைப்புச் சட்டத்தில் ஆர்வமா? மதுரை சட்ட மாணவர்களுக்கான ஃபெலோஷிப் வழிகள்

நிலப் பயன்பாட்டுக்கென்றே ஃபெலோஷிப் தேடினால் பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்தான் கண்ணில் படும். இங்கே அந்த வேலை வேறு வேறு வாசல்களில் இருக்கிறது.

நம் பிள்ளைகள் முதலில் குறி வைக்க வேண்டியது முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம். 2022-ல் தொடங்கியது, இரண்டு வருடம், மாத உதவித்தொகையோடு அரசு நிர்வாகத்துக்குள்ளேயே வேலை. சட்டப் படிப்பில் முதல் வகுப்பு வேண்டும், வயது 22 முதல் 30 வரை (பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குத் தளர்வு உண்டு), தமிழறிவு கட்டாயம்.

டெல்லி போகத் தயார் என்றால், நாடாளுமன்றம், சட்டமன்றங்களின் வேலையை ஆராயும் பிஆர்எஸ் நிறுவனம் நடத்தும் லேம்ப் ஃபெலோஷிப் இருக்கிறது, ஒரு எம்.பி.க்கு ஆய்வு உதவியாளராக இருக்கலாம், 25 வயதுக்குள் ஏதாவது ஒரு பட்டம் போதும். நிலம் மாநில விஷயம்தான், ஆனால் நிலம் கையகப்படுத்தல் சட்டமும் கனிமச் சட்டமும் நாடாளுமன்றம் போட்டவை என்பதால் அந்த அனுபவம் வீண் போகாது. மூன்று வருட வேலை அனுபவம் சேர்ந்த பிறகு அமெரிக்காவில் முதுகலை படிக்க உதவும் ஃபுல்பிரைட்-நேரு ஃபெலோஷிப்பைப் பாருங்கள், சர்வதேசச் சட்டப் படிப்பும் நகரத் திட்டமிடலும் அதன் பாடப் பட்டியலில் இடம்பெற்று வருபவை.

ஃபெலோஷிப் என்று பெயர் இல்லாவிட்டாலும், உயர் நீதிமன்ற நீதிபதிகளிடம் சட்ட ஆராய்ச்சி உதவியாளராக இருப்பதை நான் இவை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். கண்மாய் ஆக்கிரமிப்பு, குவாரி, அங்கீகாரமில்லாத மனை என்று தென்மாவட்ட வழக்குகள் வந்து சேருகிற இடம் நம் மதுரைக் கிளைதான்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். கட்டுரையோ எழுத்து மாதிரியோ கேட்கும்போது பலரும் "சுற்றுச்சூழலைக் காக்க விரும்புகிறேன்" என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள், அது யார் மனதிலும் நிற்காது. ஒரே ஒரு இடத்தை எடுத்து ஆழமாக எழுதுங்கள். மேலூர் பக்கம் அரிட்டாபட்டி இருக்கிறதே, 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்த ஊர். 2024-ல் அந்த ஊரும் அடங்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசு ஏலம் விட்டது, கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன, சட்டமன்றமும் போட்டது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. 2002-ன் பல்லுயிர்ச் சட்டப்படி மாநிலம் காத்த நிலத்தை, முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்த 2023 கனிமச் சட்டத் திருத்தம் எப்படித் தொட முடிந்தது, கிராம சபைத் தீர்மானத்துக்குச் சட்டத்தில் என்ன பலம்? இதை நான்கு பக்கத்தில் தெளிவாக எழுதுகிறவரைத் தேர்வுக் குழு மறக்காது.

இல்லையென்றால் உங்கள் ஊர்க் கண்மாயை எடுங்கள். ஏ-பதிவேடு (நிலத்தின் வகையும் உரிமையும் சொல்லும் வருவாய்ப் பதிவேடு), புலப்படம் (சர்வே எண்ணின் எல்லை வரைபடம்), அடங்கல் (பயிர், நில அனுபவக் கணக்கு) மூன்றையும் வைத்துக்கொண்டு, எந்த நிலம் எதற்கு என்று ஒதுக்கும் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில் அதே சர்வே எண்ணுக்கு எந்தப் பயன்பாட்டின் வண்ணம் போட்டிருக்கிறார்கள் என்று ஒப்பிடுங்கள், பதிவேடுகளும் வரைபடமும் முரண்பட்டால் அதுதான் உங்கள் கட்டுரை. 1971-ன் நகர் ஊரமைப்புச் சட்டத்தையும் 2007-ன் ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கிடைக்காத ஆவணத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ போடலாம், பதிலுக்கு 30 நாள் கெடு என்பதால் விண்ணப்பக் கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே போட்டுவிடுங்கள். பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியரிடம் கட்டுரையை முடித்ததும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் அவரால் உங்களைப் பற்றிக் குறிப்பாக எழுத முடியும்.