மொட்டை மாடியில் கிடைத்த தலைப்பு: ஸ்கூல் ஆய்வு ப்ராஜெக்ட்டைத் திட்டமிடுவது எப்படி?

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் போன் செய்தாள். பதினொன்றாம் வகுப்பு, வீடு மேற்கு மாம்பலம். பள்ளியில் ஆளுக்கொரு ஆய்வைத் தனியாகச் செய்து, பொங்கல் விடுமுறை முடிந்ததும் கொடுக்க வேண்டுமாம்.

“அத்தை, தலைப்பு முடிவு பண்ணிட்டேன். சென்னையின் தண்ணீர்ப் பிரச்சினை.”

“சரி, அதுல என்ன கண்டுபிடிக்கப் போற?”

எதிர்முனையில் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அவளைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. நான் பத்தாவது படித்தபோது ‘மாசுபாடு’ என்று ஒரு ப்ராஜெக்ட் செய்தேன். ஸ்டேஷனரி கடையில் வாங்கிய படங்களை வெட்டி ஒட்டி, ஓரத்தில் ஜிகினா வைத்து, கூவத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். கூவம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை. மதிப்பெண் என்னவோ நன்றாகத்தான் வந்தது.

அன்று அவளோடு பேச ஆரம்பித்து, மூன்று வாரத்தில் ஒரு திட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். போன வழியை இங்கே எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, முதல்முறை ஆய்வு செய்கிற யாருக்கும் உதவும்.

படி 1: ஒரு வாரம் வேடிக்கை பாருங்கள்

கூகுளில் ‘ப்ராஜெக்ட் தலைப்புகள்’ என்று தேடாதீர்கள். அங்கே கிடைப்பதெல்லாம் பல பேர் ஏற்கெனவே செய்து முடித்தவை. ஒரு சின்ன நோட்டை பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கண்ணில் படுகிறவை, உறுத்துகிறவை, ஏன் என்று புரியாதவை எல்லாவற்றையும் எழுதுங்கள். இது ஆய்வுக்கு ஆகுமா என்று அப்போதே யோசிக்கக் கூடாது. யோசித்தால் கை நின்றுவிடும்.

அவள் நோட்டில் இருந்த சிலவற்றைத் தருகிறேன். கேன் தண்ணீர் ருசி வாரத்துக்கு வாரம் மாறுகிறது. எங்கள் தெருவில் மழைத் தண்ணீர் தேங்குகிறது, அடுத்த தெருவில் தேங்குவதில்லை. லேக் வியூ ரோடு என்று பெயர், லேக் எங்கே? எதிர் அப்பார்ட்மென்ட்டின் மாடிக் குழாய், மழை பெய்தால் நேராக ரோட்டில் கொட்டுகிறது. டீக்கடையில் பேப்பர் கப்புக்கு மாறிவிட்டார்கள், குப்பை குறைந்த மாதிரி தெரியவில்லை.

ஒரே வாரத்தில் பதினான்கு வரிகள். ‘சென்னையின் தண்ணீர்ப் பிரச்சினை’யைவிட ஒவ்வொன்றும் நல்ல ஆரம்பம்.

படி 2: தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

பெரும்பாலான ப்ராஜெக்ட்டுகள் இந்த இடத்தில்தான் கெடுகின்றன, அதனால் இங்கே அவசரப்படாதீர்கள். ‘தண்ணீர்ப் பிரச்சினை’ என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு நாளைக் காலை எங்கே போவீர்கள், எதைப் பார்ப்பீர்கள்? பதில் இல்லை என்றால் அது இன்னும் கேள்வியாகவில்லை.

அவள் எதிர் அப்பார்ட்மென்ட்டின் மாடிக் குழாயை எடுத்துக்கொண்டாள். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003இல் சட்டம் வந்தது. மாடியில் விழும் மழை குழாய் வழியாக இறங்கி, ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டியைத் தாண்டி, கிணற்றுக்கோ சம்ப்புக்கோ (தரைக்கடியில் இருக்கும் தொட்டி) உறிஞ்சுகுழிக்கோ போக வேண்டும். அவள் பிறப்பதற்கு முன்பே வந்த சட்டம் அது. அந்தக் குழாய்கள் இப்போது என்ன நிலையில் இருக்கின்றன?

கேள்வி இப்படிச் சுருங்கியது. முதலில் ‘சென்னையில் மழைநீர் சேகரிப்பு’. சென்னை முழுவதும் சுற்ற முடியாது, வெட்டினோம். அடுத்து ‘எங்கள் தெருவில் மழைநீர் சேகரிப்பு’. இடம் சரி, ஆனால் அதைப் பற்றி என்ன? கடைசியில் வந்தது: ‘எங்கள் தெருக் கட்டடங்களில், மழை பெய்யும்போது மொட்டை மாடித் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது?’

கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது, இல்லையா? அவளுக்கும் அதே கவலைதான். “இவ்ளோதானா, அத்தை?” என்றாள். ஒரு கணக்குப் போடச் சொன்னேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1000 சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 930 லிட்டர். 20 லிட்டர் கேன் கணக்கில் 46 கேன், அதுவும் ஒரு மாடியில், ஒரு சாயங்கால மழையில். அதற்கப்புறம் அவள் சின்னது என்று சொல்லவில்லை.

கேள்வியைச் சோதிக்க நான் இன்னொன்றும் கேட்பேன்: பதில் நான் நினைத்ததற்கு நேர்மாறாக வர வாய்ப்பு உண்டா? ‘மழைநீர் சேகரிப்பு அவசியமா?’ என்று கேட்டால், ஆம் என்பது எழுதும் முன்பே தெரியும். அது பேச்சுப் போட்டிக்கு ஆகும். தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கோ, போய்ப் பார்க்காமல் பதில் கிடையாது.

அறிவியல்தான் வேண்டும் என்றில்லை. லேக் வியூ ரோடு விஷயத்தை அவள் விட்டுவிட்டது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இன்றைய தி.நகர் இருக்கும் இடத்தில் ஒரு நீண்ட ஏரி இருந்தது. 1920களில் அதை வடித்துத்தான் ஊர் கட்டினார்கள். நுங்கம்பாக்கத்திலும் ஏரி போய் ‘லேக் ஏரியா’ என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ‘எங்கள் பகுதித் தெருப் பெயர்களில் எத்தனை, இல்லாமல் போன நீர்நிலைகளைச் சொல்கின்றன?’ பழைய வரைபடம் ஒன்று, புதியது ஒன்று, வயதானவர்கள் சிலரிடம் பேச்சு. அருமையான வரலாற்று ஆய்வு. யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: காலம் ஒத்துவருமா?

அவள் தோழி ஒருத்திக்குப் பங்குனி ஆமைகளைப் பற்றிச் செய்ய ஆசை. பெசன்ட் நகர், நீலாங்கரைக் கடற்கரைகளுக்கு ஆமைகள் முட்டையிட வருவது உண்மைதான். ஆனால் வருவது ஜனவரியிலிருந்து. ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டியதும் ஜனவரியில். ஆமை நம் பள்ளிக் காலண்டரைப் பார்த்து வராது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வலசை வரும் பறவைகள் என்றாலும் இதே கணக்குதான், குளிர்காலம் வரை காத்திருக்க வேண்டும்.

மாடித் தண்ணீருக்கு மழை வேண்டும். சென்னைக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூலை, ஆகஸ்ட்டில் மாலை மழை அவ்வப்போது வரும், அது ஒத்திகைக்குப் போதும். பொருந்தியது.

படி 4: இரண்டு நாள் நூலகம்

எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிற கன்னிமாரா நூலகம் 1896இல் திறந்தது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் உட்கார்ந்து படிக்க வசதி. பழைய தமிழ் இதழ்கள் தேவைப்படும் தலைப்பு என்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

படித்ததை அப்படியே நோட்டில் இறக்காதீர்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் நூல் பெயர், ஆண்டு, பக்க எண் போடுங்கள். பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், டிசம்பரில் அந்தப் பக்கத்தைத் தேடி மறுபடி பஸ் ஏற வேண்டும். ஏஐ செயலியிடம் கேட்கலாமா என்றால், புரியாத சொல்லுக்கு விளக்கம் கேளுங்கள், அவ்வளவுதான். உங்கள் தெருவில் எத்தனை குழாய் உடைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதிக் கொடுத்தால் இன்னும் ஆபத்து.

படி 5: எப்படிப் பார்ப்பது, யாரிடம் கேட்பது

தெருவில் 62 கட்டடங்கள். வெளியிலிருந்து தெரியும் குழாய்களை 62இலும் பார்த்துக் குறித்துவிடலாம். உள்ளே போய்ப் பேசுவது அத்தனை வீட்டிலும் நடக்காது. அதனால் தெரு முனையிலிருந்து இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு. ‘தெரிந்த வீடாகப் போகிறேன்’ என்றுதான் முதலில் சொன்னாள். தெரிந்த வீடுகள் பெரும்பாலும் நம்மைப் போன்ற வீடுகளாகவே இருக்கும், பதிலும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். கதவைத் திறக்காத வீட்டையும் ‘பதில் இல்லை’ என்று எழுத வேண்டும். அதுவும் தகவல்தான்.

கேள்வித்தாளை உடனே பிரிண்ட் எடுக்காதீர்கள். மூன்று வீட்டில் ஒத்திகை பாருங்கள். அவளுடைய முதல் கேள்வி: “உங்கள் வீட்டில் மழைநீர் சேகரிப்பு வேலை செய்கிறதா?” மூன்று வீட்டிலும் ஆமாம் என்றார்கள். ஸ்கூல் யூனிஃபார்மில் வந்து நிற்கும் பெண்ணிடம் யார் இல்லை என்பார்கள்? கேள்வியை மாற்றினோம்: “வடிகட்டியில் மணலும் ஜல்லியும் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?” அதே மூன்று வீடு. ஒருவர் போன வருஷம் என்றார். ஒருவர் ஹவுஸ் ஓனரைக் கேட்க வேண்டும் என்றார். மூன்றாமவர், “எந்த வடிகட்டிம்மா?” என்று கேட்டார். கருத்தைக் கேட்காமல், நடந்ததைக் கேளுங்கள்.

நடுவில் ஒரு சண்டையும் வந்தது. ஆன்லைனில் கிடைக்கும் பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கி, எல்லா வீட்டு போர் தண்ணீரையும் அளக்க ஆசைப்பட்டாள். வேண்டாம் என்றேன். அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பின் அளவைக் கணித்துச் சொல்கிறது. எந்த உப்பு என்று சொல்லாது, கிருமி இருந்தாலும் காட்டாது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று ஒரு அளவு இருக்கிறது, ஒப்பிட்டு எழுதலாம்தான். ஆனால் அது வேறு கேள்வி. மாடித் தண்ணீர் எங்கே போகிறது என்பதற்கு மீட்டரில் பதில் இல்லை. கருவி கையில் இருந்தால் ஆய்வு மாதிரித் தெரிகிறது என்பதற்காகக் கருவியைச் சேர்க்கக் கூடாது. இரண்டு நாள் பேசாமல் இருந்தாள், அப்புறம் விட்டுவிட்டாள்.

படி 6: அனுமதி, பாதுகாப்பு

பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு வீடாகத் தனியாகப் போக வேண்டாம், பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். ஆள் பெயரையும் கதவு எண்ணையும் எழுதாமல் வீடு 1, வீடு 2 என்று குறியுங்கள்.

சம்ப் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பது, கிணற்றில் இறங்குவது கூடவே கூடாது. மூடிக்கிடக்கும் தொட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், விஷவாயு இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்க முடிந்தது மட்டும் போதும்.

படி 7: காலண்டரைப் பின்னாலிருந்து நிரப்புங்கள்

கொடுக்க வேண்டிய நாளில் ஆரம்பித்துப் பின்னோக்கி வாருங்கள். முன்னாலிருந்து போட்டால் எல்லாமே நிறைய நாள் இருப்பதுபோல் தெரியும்.

ஜனவரி முதல் பாதி, பிரிண்ட், பைண்டிங், திருத்தம். அதில் பொங்கல் நாட்களைக் கழியுங்கள், கடை திறந்திருக்காது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, அந்த மூன்று வாரத்துக்கு ப்ராஜெக்ட்டைத் தொட மாட்டீர்கள், தொடுவேன் என்று பொய் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். தேர்வு முடிந்து வரும் விடுமுறையில் எழுத்து வேலை. அப்படியானால் தகவல் சேகரிப்பு நவம்பர் கடைசிக்குள் முடிய வேண்டும். நடுவில் தீபாவளி. ஆக, வீட்டுப் பேச்செல்லாம் செப்டம்பரிலேயே முடிந்துவிட்டால், அக்டோபர், நவம்பர் முழுக்க மழைக்குக் காத்திருக்கலாம்.

மழை பார்க்கும் நாட்களை மட்டும் தேதி போட்டு எழுத முடியாது. ‘மழை பெய்யும் முதல் ஐந்து நாட்கள்’ என்று எழுதிக்கொண்டாள். பள்ளி நேரத்தில் பெய்தால்? பாட்டி பால்கனியிலிருந்து தெரியும் ஆறு குழாய்களைப் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. ரெட் அலர்ட் என்று விடுமுறை விட்டால் ஜன்னலைத் தாண்டிப் போகக் கூடாது என்பது அண்ணியின் நிபந்தனை, அதையும் திட்டத்தில் எழுத வைத்தேன்.

படி 8: எல்லாம் ஒரே பக்கத்தில்

ஆசிரியரிடம் காட்ட ஒரு பக்கம் போதும். அவள் எழுதியதைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்:

கேள்வி: எங்கள் தெருவின் 62 கட்டடங்களில், மழை பெய்யும்போது மொட்டை மாடித் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது?
நான் எதிர்பார்ப்பது: பாதிக்கு மேல் ரோட்டுக்குப் போகும். தவறாகவும் இருக்கலாம்.
பார்ப்பது: வெளியே தெரியும் குழாய், மழையில் அதன் முனை.
கேட்பது: இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு, ஐந்து கேள்விகள்.
சேர்க்காதது: தண்ணீரின் தரம், மற்ற தெருக்கள்.
சிக்கல் வந்தால்: மழை குறைந்தால், குழாய்களை மழையில்லாத நாளில் பார்த்த விவரத்தையும் வீட்டுக்காரர்கள் சொன்னதையும் வைத்து எழுதுவேன்.

அவள் ஆசிரியர் ‘சேர்க்காதது’ என்ற வரிக்குக் கீழே கோடு போட்டு டிக் அடித்திருந்தார். உங்கள் தாளிலும் அந்த வரி இருக்கட்டும்.

கையெழுத்து ஆனதும் ஒரு கிளிப்போர்டு, பென்சில், தாளை மூட ஒரு பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். பேனா வேண்டாம், மழையில் மை கரைந்துவிடலாம்.