ஆறு அம்மாமாருக்கு ஒரு சட்டி நெத்தலி

கொழும்பு முகத்துவாரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து அம்மாமாருக்கு இரத்தசோகை பற்றி முதலில் பேச்சுத்தான் வைத்தேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் நெத்தலிப் பொடி செய்துகாட்ட அடுப்பைப் பற்றவைத்தேன். ஒருவரும் நேரத்தோடு வீட்டுக்குப் போகவில்லை.

ஆறு பேருக்கு ஒரு சட்டி போதும். வெள்ளிக்கிழமை வைக்காதீர்கள், பல வீடுகளில் அன்றைக்கு மச்சம் இல்லை. மீன் ஒத்துவராத பிள்ளைகள் யார் என்று முன்னமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நெத்தலிக் கருவாடு கால் கிலோ. காறல் மணம் இருந்தால் வாங்க வேண்டாம். தலையையும் வயிற்றுக் கறுப்பையும் கிள்ளிவிடுங்கள், முள் இருக்கட்டும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் மூன்று தடவை அலசினால்தான் மண்ணும் உப்பும் போகும். சின்னப் பிள்ளைகள் சாப்பிடப் போவது, இதில் சோம்பல் படக்கூடாது. வலைத்துணியால் மூடி வெயிலில் காயவையுங்கள். அப்புறம் எண்ணெய் இல்லாமல் மெல்லிய நெருப்பில் வறுக்க வேண்டும். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். விரலால் ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் வறுங்கள். ஒரு பிடி கறிவேப்பிலை, நாலு செத்தல் மிளகாய், கொஞ்சம் சின்னச்சீரகம் தனியாக வறுபடட்டும். நன்றாக ஆறிய பிறகே அரையுங்கள். சூட்டோடு போத்தலில் போட்டால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

பருப்புச் சோற்றில் ஒரு தேக்கரண்டி தூவி, தேசிக்காய் பிழிந்து பிசைந்து கொடுங்கள். இரத்தத்துக்குத் தேவையான இரும்பை மீனிலிருந்து உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு அவ்வளவு லேசில் சேராது, பக்கத்தில் மீனும் புளிப்பும் இருந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு பிளேன்டீ குடித்தால் அது இரும்பைத் தடுத்துவிடும். தேத்தண்ணீர் ஒரு மணித்தியாலம் கழித்து. பொடி இடிப்பதைவிட இந்தப் பழக்கத்தை மாற்றுவதுதான் கஷ்டம், ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

பச்சை மீனில் சமைப்பதென்றால், பேலியகொடை மீன் சந்தையில் வாங்கும் சூரையோ சாளையோ, கிலோவுக்குக் கிலோ ஐஸ் போட்டுக் கொண்டுவாருங்கள். சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உண்டாகும், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. முகம் சிவந்து, தடித்து, வாந்தி வரும்.

வெளிறிப்போய் மேசையில் படுக்கும் பிள்ளைக்குப் பொடி மட்டும் போதாது. இரத்தம் சோதிக்க அனுப்புங்கள். 5 முதல் 11 வயதுவரை ஹீமோகுளோபின் ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் 11.5 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. இரும்பு மாத்திரையையும் வயிற்றுப் பூச்சிமருந்தையும் டாக்டர் தீர்மானிக்கட்டும்.

கடைசியில் ஆளுக்கொரு சின்னப் போத்தல், மூடியில் திகதி. இரண்டு கிழமையில் முடிகிற அளவுதான் கொடுப்பேன். காலிப் போத்தலோடு வருகிறவரை அடுத்த சட்டிக்குப் பொறுப்பாக நிறுத்துவேன்.