துக்க வருடத்தில் கிறிஸ்துமஸ் குடில் வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

நவம்பர் பிறந்தால் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் என்னிடம் வந்து நிற்பார்கள். வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கும். இல்லையென்றால் வேலை போயிருக்கும், ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருப்பார்கள். "இந்த வருசம் குடில் வைக்கலாமா, வேண்டாமா?" என்பதுதான் கேள்வி. இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளோடு கட்டிவைப்பதுதான் குடில். நாகர்கோவில் பக்கத்தில் முப்பது வருடமாகக் குடில் கட்டுகிறேன். வீட்டுக்கும் கட்டுவேன், எங்கள் அன்பியத்துக்கும் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழு) கட்டுவேன். அதனால்தான் என்னிடம் வருகிறார்கள். கேட்டுவிட்டுப் போய், ஒருகாலத்தில் நான் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

வைக்கோலுக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி கூடாது, பிய்ந்த சீரியல் லைட்டைப் போடக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

துட்டி வீட்டில் ஒன்றுமே கூடாது என்று நினைப்பது

எங்கள் பக்கம் துட்டி, அதாவது சாவு, நடந்த வீட்டில் அந்த வருடம் ஸ்டார் போடமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் இருக்கும் கரிசனத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஸ்டாரையும் குடிலையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகள் வரும் திருவருகைக்காலம் முழுவதும் காத்திருக்கும் காலம்தான். சாமியார் ஊதா உடையில் வருவார், ஞாயிறு பூசையில் வானவர் கீதம் என்கிற மகிழ்ச்சிப் பாட்டு கிடையாது. குடிலிலும் குழந்தை இயேசுவைக் கிடத்தும் தீவனத் தொட்டி 24-ம் தேதி இரவு வரை காலியாகவே இருக்கும். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி பிரான்சிஸ் குடில் அமைத்தபோது அங்கே இருந்தது வைக்கோல் நிரப்பிய தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. சுரூபம் (சிலை)கூட இல்லை. மனசு உடைந்திருக்கிற வீட்டில் கைப்பிடி வைக்கோலும் ஒரு காலித் தொட்டியும் வைத்தால் போதும்.

யாரையும் வற்புறுத்தவும் கூடாது. 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் அடித்தது. திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு அந்த டிசம்பர் 3. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் கடலுக்குப் போனவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாமல் வீடு வீடாகக் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் போய்க் குடிலைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

பெட்டியை ஒழித்துவிடுவது

மற்ற தவறுகளை அடுத்த வருடம் சரிசெய்துகொள்ளலாம். இதைச் சரிசெய்ய முடியாது.

அம்மா இறந்தது 2009 அக்டோபரில். எங்கள் குடில் செட், அப்பா கல்யாணமான புதிதில் மதுரையிலிருந்து வாங்கிவந்தது. மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிற அதே கைகள்தான் குடில் சுரூபமும் செய்யும். அங்கே செய்த களிமண் செட் அது. இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் கைத்தடி உடைந்து, அந்த இடத்தில் ஒரு ஈர்க்குச்சி இருக்கும். மாட்டுக்கு ஒரு காது கிடையாது. ஒவ்வொன்றையும் அம்மா தன் பழைய சேலைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் அடுக்குவார்.

டிசம்பர் முதல் வாரத்தில் பெட்டியைத் திறந்தேன். சேலைத் துணியைப் பார்த்ததும் அதற்குமேல் முடியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர், "இதை வச்சிக்கிட்டு வருசா வருசம் அழப்போறியா? ஏதாவது கோயிலுக்குக் கொடுத்திரு" என்றார். கொடுத்துவிட்டேன். துணியோடு, பெட்டியோடு.

அடுத்த வருடமே குடில் வைக்க வேண்டும் என்று மனசு கேட்டது. போய் விசாரித்தேன். பெயிண்ட் உதிர்ந்துவிட்டது என்று பழையதைக் கழித்துவிட்டுப் புது பைபர் செட் வாங்கியிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கொடுத்தது நான்தானே. கடையில் ஒரு பிளாஸ்டர் செட் வாங்கினேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை எடுத்து வைக்கும்போது எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மகன் விளையாட எடுத்துப்போன ஒரே ஒரு களிமண் ஆடு மட்டும் ஜன்னல் திட்டில் கிடந்து தப்பியது.

அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒவ்வொரு சாவு வீட்டிலும் இதையே சொல்ல யாராவது இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், சரி. ஆனால் முதல் டிசம்பரில் பார்க்க முடியாத பொருளை இரண்டாவது, மூன்றாவது டிசம்பரில் நாம் தேடுவோம். அப்போது அவர்கள் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

பார்க்க முடியவில்லையா, பெட்டியை வேறொருவர் வீட்டுப் பரணில் ஏற்றிவிடுங்கள். நாத்தனார் வீடு, பக்கத்து வீடு, எதுவானாலும் சரி. மேலே பெயரை எழுதி, "யாருக்கும் கொடுக்கக் கூடாது" என்றும் எழுதுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் உள்ளேயே தங்கி, பெயிண்ட் செதில் செதிலாக உரிந்துவிடும். பருத்தித் துணியில் சுற்றி, மேலே செய்தித்தாள் சுற்றினால் போதும். காது மூக்கு உடைந்தால் சாக்பீஸ் பொடியை பெவிகாலில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் பெயிண்ட் அடிக்கலாம்.

முந்திரிக்கொத்தைத் தனியாகச் சுடுவது

அம்மா செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் தானே செய்துவிட வேண்டும் என்று மகள்கள் இறங்குகிறார்கள். முந்திரிக்கொத்து ஒரு ஆள் வேலையே இல்லை. (பேரில்தான் முந்திரி. திராட்சைக் கொத்துப் போல இருப்பதால் வந்த பெயர்.) வறுத்துப் பொடித்த சிறுபயறில் தேங்காய், எள், ஏலக்காய் சேர்த்து வெல்லப்பாகை ஊற்றினால், சூடு ஆறுவதற்குள் உருட்டியாக வேண்டும். ஆறினால் உதிர்ந்துபோகும். அதற்கு நாலு கை வேண்டும். தனியாக அடுப்படியில் நின்று, பாகு இறுகிப்போய், அழுதவர்களை எனக்குத் தெரியும். சித்தியைக் கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டு மைனியைக் கூப்பிடுங்கள். இருபது உருண்டை உருட்டினாலும் போதும்.

24-ம் தேதி சாயங்காலம் தொடங்குவது

குடிலில் ஆறுதல் தருவது அந்தப் பத்து நாள் வேலைதான். டிசம்பர் 13, 14 வாக்கில் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகைத் தூவுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் பண்டிகைக்குள் குடிலுக்குப் பச்சைப்பசேல் என்று புல் தயார். காலையில் படுக்கையை விட்டு எழவே மனமில்லாத நாட்களில், அந்தத் தட்டுக்குத் தண்ணீர் தெளிக்கத்தான் நான் எழுந்திருக்கிறேன்.

போட்டோவுக்காக ஜோடிப்பது

வேண்டாம்.

26-ம் தேதியே பிரிப்பது

எங்கள் கடற்கரைக்கு 2004 சுனாமிக்குப் பிறகு டிசம்பர் 26 ஒரு கனத்த நாள். அன்றைக்குப் பார்த்துக் குடிலைப் பிரித்து வீட்டை வெறிச்சென்று ஆக்காதீர்கள். ஜனவரி 6, மூவரசர் திருநாள் வரையாவது இருக்கட்டும்.

மூன்று வருடத்துக்கு முன் கணவரை இழந்த பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெட்டி என் பரணில் இருக்கிறது. இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை. போன டிசம்பர் 20-ம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு வந்தாள். "மைனி, அந்தத் தொட்டியை மட்டும் எடுத்துத் தாங்க" என்றாள். ஏணி போட்டு இறக்கினேன். தொட்டியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே, "வைக்கோல் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள்.