கம்ப்யூட்டர்ல லேன் கேபிள் நெட்டுக்கு நாமளே ஐபி போடுறது எப்படி

வீட்டு ரவுட்டர்ல இருந்து கேபிள் இழுத்து சிபியூல சொருகினா பொதுவா எதுவும் செட் பண்ண வேணாம், ரவுட்டரே ஐபி (நெட்வொர்க்ல ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இருக்க தனி நம்பர்) குடுத்துடும். ஆனா பிரிண்டர் ஷேர் பண்றவங்க, ஆபீஸ்ல "இதான் உன் ஐபி"ன்னு எழுதிக் குடுத்தவங்க, இவங்களுக்கு மாறாத ஐபி வேணும், அத கையால தான் போடணும். விண்டோஸ் 10, 11 ரெண்டுக்கும் சேத்தே சொல்றேன்.

முதல்ல கேபிள பாருங்க. சொருகும்போது டக்குன்னு லாக் ஆகணும், போர்ட் பக்கத்துல லைட் எரியணும். எரியலன்னா உள்ள என்ன மாத்தினாலும் நடக்காது, வேற கேபிள், ரவுட்டர்ல வேற போர்ட்னு மாத்திப் பாருங்க, WANனு போட்டிருக்க போர்ட்ல (வெளிய இருந்து வர நெட் லைனுக்கானது) மட்டும் சொருகாதீங்க. இன்னொன்னு, கேபிள் உள்ள 8 கம்பி இருக்கும், 100 எம்பிபிஎஸ்க்கு 4 போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும். பெரிய பிளான் போட்டும் ஸ்பீடு 95 கிட்டயே நிக்குதுன்னா கனெக்டர்ல ஏதோ ஒரு கம்பி சரியா உக்காரலயான்னு பாருங்க, இல்ல போர்ட்டே 100 தானான்னு பாருங்க.

அடுத்து, எதையும் மாத்துறதுக்கு முன்னாடி இப்ப இருக்கறத எழுதி வச்சுக்கோங்க, இத யாரும் செய்யறதில்ல, ஆனா இதான் பாதி வேலை. கமாண்ட் பிராம்ப்ட் (ஸ்டார்ட்ல cmd அடிச்சா வரும்) ஓபன் பண்ணி ஐபிகான்ஃபிக் அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு ஸ்லாஷ் ஆல்னு சேத்து (ipconfig /all) என்டர் தட்டினா ஈதர்நெட்னு போட்டு ஐபி, சப்நெட் மாஸ்க் (ஐபில எந்தப் பகுதி எல்லாருக்கும் பொதுன்னு சொல்றது), கேட்வே (ரவுட்டரோட ஐபி), டிஎன்எஸ் (சைட் பேர ஐபியா மாத்திக் குடுக்கற சர்வர்) எல்லாம் வரும். ஐபி 169.254னு ஆரம்பிச்சா ரவுட்டர்ல இருந்து ஐபி வரலன்னு அர்த்தம், ரவுட்டர ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு திரும்பப் பாருங்க.

கேட்வே 192.168.1.1னு வச்சுக்குவோம், மாஸ்க் 255.255.255.0. அப்ப உங்க ஐபில முதல் மூணு நம்பர் அப்படியே இருக்கணும், கடைசி நம்பர் மட்டும் 2ல இருந்து 254க்குள்ள உங்க இஷ்டம், ஆனா வேற யாருக்கும் அது போயிருக்கக் கூடாது. ரவுட்டர் பேஜ்ல (பிரவுசர்ல கேட்வே நம்பர அடிச்சா வரும்) டிஹெச்சிபின்னு ஒரு இடத்துல அது எந்த நம்பர்ல இருந்து எது வரைக்கும் தானா குடுக்கும்னு இருக்கும், அது 100ல இருந்து 199னா நீங்க 50 எடுத்துக்கோங்க. அந்த ரேஞ்சுக்குள்ளயே எடுத்தீங்கன்னா இன்னைக்கு ஓடும், நாளைக்கு யாரோட போனுக்கோ அதே நம்பர் போயி ரெண்டும் மோதி நெட் விட்டு விட்டு வரும், காரணமே புரியாது.

இப்ப செட்டிங்ஸ் போயி நெட்வொர்க், ஈதர்நெட், அதுல ஐபி அசைன்மென்ட் பக்கத்துல எடிட், மேனுவல் செலக்ட் பண்ணி ஐபிவி4 ஆன் பண்ணி நம்பர்கள போடுங்க. விண்டோஸ் 10ல மாஸ்க்குக்கு பதிலா பிரிஃபிக்ஸ் லென்த் கேக்கும், அங்க 255 எல்லாம் அடிச்சா சேவ் ஆகாது, 255.255.255.0ன்னா வெறும் 24 போடுங்க. டிஎன்எஸ்ல 8.8.8.8, ரெண்டாவதா 1.1.1.1 போடலாம். ஆபீஸ்னா அவங்க குடுத்த டிஎன்எஸ்ஸ தான் போடணும், இல்லன்னா உள்ள இருக்க சர்வர் பேரு சொன்னா ஓபன் ஆகாது.

சேவ் பண்ணிட்டு அதே கமாண்ட் பிராம்ப்ட்ல முதல்ல கேட்வேய பிங் பண்ணுங்க, அதாவது ping அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு கேட்வே நம்பர போட்டு என்டர் தட்டுங்க. அதுல இருந்தே ரிப்ளை வரலன்னா ஒண்ணு நம்பர் தப்பா இருக்கும், இல்லன்னா கேபிள் தப்பா இருக்கும். அது வந்து, அடுத்து 8.8.8.8 பிங் பண்ணி ரிப்ளை வரலன்னா கேட்வே நம்பர ஒருவாட்டி சரி பாருங்க, அது சரின்னா ரவுட்டருக்கே நெட் வரல, ஆபரேட்டருக்கு போன் பண்ணுங்க. ரெண்டும் வந்து சைட் பேரு மட்டும் வரலன்னா டிஎன்எஸ் தப்பு.

ரவுட்டரே இல்லாம ஆபரேட்டர் யூசர்நேம் பாஸ்வேர்டு குடுத்து வயர நேரா கம்ப்யூட்டருக்கு விட்டிருந்தா அது பிபிபிஓஇ, அதுக்கு மேல சொன்ன ஐபி வேலை வேணாம். ஈதர்நெட்ட ஆட்டோமேட்டிக்லயே விட்டுட்டு செட்டிங்ஸ்ல டயல் அப் போயி புது கனெக்ஷன்ல பிராட்பேண்ட் எடுத்து அந்த யூசர்நேம போடுங்க.

சிபியூவ வேற வீட்டுக்கு, வேற ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி அதே எடிட்ல ஆட்டோமேட்டிக்குன்னு மாத்திட்டுப் போங்க.